செத்த காலேஜில் இன்னும் என்ன வேலை? இந்தியாவின் பாலூட்டி மாதிரிகள் குறித்து ஒரு கேள்வியும் தொடர்ந்த குறிப்புகளும்

வாசகர் கேள்வி, 6 ஆகஸ்ட் 2023

ஐயா, பஞ்சடைத்த எலிகளும் வௌவால்களும் நூறு ஆண்டுகளுக்கு முன் துப்பாக்கியோடு அலைந்தவர்கள் விட்டுப்போனவை. இன்று தானியங்கிக் கேமரா இருக்கிறது. ஒரு மயிரிழையிலிருந்து டி.என்.ஏ. எடுக்கிறார்கள். அப்படியிருக்க, இந்தியாவில் பாலூட்டி மாதிரிகளைப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று இன்னும் சிலர் வாதிடுவது ஏன்? இருப்பவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினால் போதாதா?

6 ஆகஸ்ட் 2023, இரவு

கேள்விக்குள் இரண்டு பொருள்கள் கலந்துகிடக்கின்றன. சென்னைக்குச் சுற்றுலா போன எங்கள் தலைமுறையினர் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் விலங்குக்காட்சிச் சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வார்கள். செத்த காலேஜில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் விலங்கு காட்சிக்காகப் பாடம் செய்யப்பட்டது; அதற்கு ஊரும் தேதியும் தேவையில்லை, வாய் திறந்து உறுமுவதுபோல நின்றால் போதும். ஆய்வுக்கான மாதிரி அப்படி நிற்பதே இல்லை. அது இழுப்பறைக்குள் கால்களை நீட்டிக் குப்புறப் படுத்திருக்கும். கண் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு தெரியும். மண்டையோடு தனியே ஒரு குப்பியில் இருக்கும். பின்னங்காலில் நூலால் கட்டிய லேபிளில் எங்கே, எப்போது, யார் பிடித்தது, ஆணா பெண்ணா, எத்தனை மில்லிமீட்டர் என்பவை எழுதப்பட்டிருக்கும். பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு அது சிறிதும் உதவாது.

அது எதற்கு உதவும் என்பதற்குத் தேனிப் பக்கத்து உதாரணம் ஒன்று. 1948இல் மேகமலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்ட நிர்வாகி ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குக் கொடுத்தார். 24 ஆண்டுகள் அதை யாரும் பார்க்கவில்லை. 1972இல் தாய்லாந்தைச் சேர்ந்த கிட்டி தொங்லோங்யா அந்த இழுப்பறையைத் திறந்து பார்த்து, அது புதிய இனம் மட்டுமல்ல, புதிய பேரினமே என்று கண்டு, லாட்டிடென்ஸ் சலீமலீ என்று பெயரிட்டார். 1948இல் கேமரா பொறி இருந்து, யாராவது அதை ஒரு படம் மட்டும் எடுத்திருந்தால், இன்றைக்கும் அது சாதாரண வௌவால்தான்.

7 ஆகஸ்ட் 2023

நேற்று எழுதியதில் ஒரு பிழை. 'யாரும் பார்க்கவில்லை' என்பது சரியல்ல. பார்த்தார்கள், பார்த்து, எங்கும் காணக்கூடிய குறுமூக்குப் பழந்தின்னி என்று எழுதி வைத்தார்கள். வெளித்தோற்றத்தில் இரண்டும் அவ்வளவு நெருக்கம். தொங்லோங்யா கண்ட வேறுபாடு, இதற்கு வெளியே தெரியும் வால் இல்லை என்பதும், மேல் தாடையிலும் கீழ்த்தாடையிலும் வெட்டுப்பற்கள் ஒரே ஒரு இணைதான் என்பதும். பல்லை எண்ணுவதற்கு மண்டையோடு வேண்டும்.

இந்தத் திருத்தம் என் வாதத்தைப் பலப்படுத்துகிறதா, பலவீனப்படுத்துகிறதா என்று இரவு முழுவதும் யோசித்தேன். மாதிரி இருந்தால் மட்டும் போதாது, அதைத் தவறாகப் படிக்கிற ஆள் இருந்தால் அது 24 ஆண்டுகள் தவறாகவே கிடக்கும் என்பதும் இதிலிருந்துதான் தெரிகிறது. ஆனால் தவறான லேபிளோடு கிடந்த உடலைத் திருத்த முடிந்தது. உடல் இல்லாத பதிவில் தவறு நடந்தால் அதைத் தவறு என்று சொல்வதற்கே வழியில்லை.

13 ஆகஸ்ட் 2023

'அவை எல்லாம் எங்கேதான் இருக்கின்றன' என்று இன்னொருவர் கேட்கிறார். சுருக்கமாகச் சொல்ல முயல்கிறேன்.

கல்கத்தாவில் ஏசியாட்டிக் சொசைட்டி 1814இல் தொடங்கிய அருங்காட்சியகத்தில்தான் கதை ஆரம்பிக்கிறது. எட்வர்ட் பிளித் 1841 முதல் 20 ஆண்டுகளுக்கு மேல் அதைக் காத்தார். பிறகு அது இந்திய அருங்காட்சியகமாகி, அதன் விலங்கியல் பகுதியிலிருந்து 1916இல் இந்திய விலங்கியல் அளவீட்டுத் துறை பிறந்தது. இன்னொரு பக்கம், 1883இல் தொடங்கப்பட்ட பம்பாய் கழகம் 1911இல் பாலூட்டி அளவீடு ஒன்றைத் தொடங்கி, 1923 வரை இந்தியா, பர்மா, இலங்கை முழுவதும் சம்பளத்துக்கு ஆள் வைத்து எலி பிடித்தது. கிரம்ப், ஷார்ட்ரிட்ஜ், பாப்டிஸ்டா போன்ற அந்தச் சேகரிப்பாளர்கள் இல்லையென்றால், இன்று இந்தியப் பாலூட்டிகளின் பரவல் வரைபடங்களில் பாதிப் புள்ளிகள் இருக்காது என்பது என் கணிப்பு. ஆனால் அவற்றுக்குப் பெயர் வைத்த ஓல்ட்ஃபீல்ட் தாமஸும் ராட்டனும் லண்டனில் இருந்தார்கள். எனவே வகைமாதிரிகள், அதாவது ஓர் இனத்துக்குப் பெயரிட்டபோது 'இதுதான் அது' என்று சுட்டிக்காட்டிய உடல்கள், பெரும்பாலும் அங்கேயே தங்கிவிட்டன. ஏலகிரி எலியை ஒப்பிட்டுப் பார்க்க லண்டனுக்கு விமானச்சீட்டு எடுக்க வேண்டிய நிலை அப்படி வந்ததுதான்.

இங்கே தங்கியவையும் சும்மா இருக்க விடப்படவில்லை. போருக்குப் பயந்து 1942இல் கல்கத்தாவிலிருந்து தொகுப்புகளை வாரணாசிக்குக் கொண்டுபோனார்கள்; அங்கே குண்டு விழவில்லை, ஆனால் மறு ஆண்டு வருணை நதி வெள்ளம் புகுந்தது. 2016 ஏப்ரலில் டெல்லியின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் ஒரே இரவில் எரிந்தது. 2018இல் பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் எரிந்ததும் அதே கதைதான். அங்கும் பாலூட்டி மாதிரிகள் உட்பட எல்லாம் போயின.

14 ஆகஸ்ட் 2023

பிரேசில் பற்றி எழுதியது தவறு. அங்கே முதுகெலும்பிகளின் தொகுப்பு வேறொரு கட்டடத்தில் இருந்ததால் தீயிலிருந்து தப்பியது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி சொல்வதைவிட இடத்தைக் கவனிக்கச் சொல்வது பயனுள்ளது: தப்பியதற்குக் காரணம், எரிசாராயத்தில் மிதக்கும் ஆயிரக்கணக்கான குப்பிகள் அருங்காட்சியகம் இருந்த பழைய அரண்மனைக்குள் இல்லாமல் தனிக் கட்டடத்தில் இருந்தது. மேலும், டெல்லியில் எரிந்ததில் பெரும்பகுதி காட்சிப்பொருள். ஆய்வுத் தொகுப்பு எரிவதும் அதுவும் ஒன்றல்ல. நான் முதல் நாள் பிரித்துக்காட்டிய வேறுபாட்டை நானே ஒரு வாரத்தில் மறந்திருக்கிறேன்.

27 ஆகஸ்ட் 2023

வெள்ளமும் தீயும் செய்தியில் வரும். செய்தியில் வராமல் அழிவதைத்தான் நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் 30 ஆண்டுகளுக்கு மேல் விலங்கியல் கற்பித்தேன். துறையின் மாடியில் ஒரு அறை நிறைய மாதிரிகள் இருந்தன. அவற்றில் 40க்கும் மேற்பட்ட சிறு பாலூட்டித் தோல்களை 1983க்கும் 1987க்கும் இடையில் நானும் மாணவர்களும் வயல்வரப்பிலும் மலையடிவாரத்திலும் பொறி வைத்துப் பிடித்துப் பாடம் செய்தோம். 1996இல் ஒரு தரக்குழு வருகிறது என்று அறைக்கு வெள்ளையடித்தார்கள். நான் விடுப்பில் இருந்தேன். சுண்ணாம்பு தெறித்துவிடக் கூடாதே என்ற நல்லெண்ணத்தில், உதவியாளர் எல்லாத் தோல்களையும் இரண்டு கோணிப்பைகளில் போட்டுக் கட்டினார். 'காலில் தொங்கிய அழுக்குச் சீட்டுகள்' ஒன்றோடொன்று சிக்கியதால் அவற்றை அறுத்து ஒரு உறையில் தனியாகப் போட்டு, உறையைப் பத்திரமாக மேசைமேல் வைத்தார். அந்த உறையை யார் குப்பையில் சேர்த்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அந்தச் சீட்டுதான் பொருள், எலி அதற்கு ஒட்டு என்று நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

அதன்பின் தோல் வண்டு புகுந்தது. அந்துருண்டை வாங்கும் தொகை நிறுத்தப்பட்டிருந்தது. நான் ஓய்வுபெற்றபோது மிஞ்சியவை 17. எரித்துவிடலாம் என்றார்கள், எழுதிக்கொடுத்து வாங்கிவந்தேன். பின்கட்டில் ஒரு தகரப்பெட்டியில் இருக்கின்றன. என் மனைவிக்கு அந்தப் பெட்டியைப் பற்றி ஒரு கருத்து உண்டு. அதை இங்கே எழுத முடியாது.

3 செப்டம்பர் 2023

கேள்வி கேட்டவர் விடவில்லை: அருணாசலப் பிரதேசத்தின் குரங்கு புகைப்படத்தை வைத்தே விவரிக்கப்பட்டதே, அதற்கு என்ன பதில் என்கிறார். நல்ல கேள்வி. 2005இல் மக்காக்கா முன்சாலாவை விவரித்தவர்கள் வளர்ந்த ஆண் குரங்கு ஒன்றின் புகைப்படங்களையே வகைமாதிரியாகக் காட்டினார்கள். ஒரு பெரிய குரங்கைப் பெயருக்காகச் சுடுவது தேவையற்றது என்று அவர்கள் முடிவெடுத்ததை நான் மதிக்கிறேன். குரங்குக்கு அது பொருந்தும்: பகலில் திரிகிறது, முகம் தெரிகிறது, வாலின் நீளம் படத்திலேயே தெரிகிறது. பிறகு இறந்த உடல் ஒன்று கிடைத்தபோது அதையும் ஆராய்ந்து எழுதினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்; படம் போதும் என்று அவர்களே நின்றுவிடவில்லை.

மூஞ்சூறு விஷயம் வேறு. அடுக்களையில் கீச்சென்று ஓடும் வீட்டு மூஞ்சூறையும் மேற்குத்தொடர்ச்சி மலையின் சோலைக்காட்டு மூஞ்சூறுகளையும் படத்தில் போட்டால் எல்லாமே சாம்பல் நிறத்தில், நீண்ட மூக்கோடு, சற்றுக் கலங்கித் தெரியும். டி.என்.ஏ. எடுக்கலாமே என்றால், எடுத்த வரிசையை எதோடு ஒப்பிடுவது? பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் உடலோடுதான். உடலைப் பார்க்காமல் வரிசைக்குப் பெயர் போட்டால், சந்தையில் ஒருவர் சொன்ன விலையை இன்னொருவர் திருப்பிச் சொல்வதுபோல, தவறு ஒரு தரவுத்தளத்திலிருந்து மற்றொன்றுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

4 செப்டம்பர் 2023

'மதராஸ் மர மூஞ்சூறு' சென்னையில் எங்கே கிடைக்கும் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கிடைக்காது. 1850இல் வாட்டர்ஹவுஸ் அதற்குப் பெயரிட்டபோது 'மதராஸ்' என்பது மாகாணம். விலங்கு வந்தது கடப்பைக்கும் நெல்லூருக்கும் இடைப்பட்ட மலைகளிலிருந்து. அது மூஞ்சூறும் அல்ல. மரத்திலும் அவ்வளவாக இருப்பதில்லை. பெயரில் மூன்று சொற்கள், மூன்றும் வழிமாற்றி விடும்.

24 செப்டம்பர் 2023

சட்டத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் சேகரிப்பை முற்றாகத் தடுப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல, 12ஆம் பிரிவு கல்விக்கும் ஆய்வுக்கும் அருங்காட்சியகத் தொகுப்புக்கும் சிறப்பு அனுமதி தர இடம் வைத்திருக்கிறது. அனுமதி கேட்டு எழுதும் கடிதம் எத்தனை மேசைகளில் எத்தனை பருவமழை பார்க்கும் என்பதே கேள்வி. முனைவர் பட்டக் காலம் முடிவதற்குள் வராத அனுமதிக்காக எந்த மாணவரும் தம் தலைப்பை மூஞ்சூறில் வைக்கமாட்டார். புலியின் எச்சத்தில் வைப்பார், பணமும் அங்கே இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வனவுயிர்ச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, சட்டம் காக்கும் காட்டு விலங்கு செத்துக்கிடந்தாலும் அரசின் சொத்து என்கிறது; கையில் எடுத்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்கோ உரிய அலுவலருக்கோ சொல்ல வேண்டும். 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டத்திலும் 39ஆம் பிரிவு இருக்கிறது. அது, புதிய இனம் கண்டால் அதன் மாதிரியை அரசு குறித்த காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. ஒரு 39 எடுக்காதே என்று தயங்க வைக்கிறது, இன்னொரு 39 கொண்டுவந்து கொடு என்கிறது. இரண்டும் தனித்தனியே நியாயமானவைதான். இடையில் நிற்பவர்தான் திண்டாடுகிறார்.

எனக்கும் நடந்தது. 2004இல் மலைச்சாலையில் வண்டியில் அடிபட்ட மரநாய் ஒன்று, மண்டையோடு நசுங்காமல், உடல் சூடாகவே கிடந்தது. முறைப்படி தெரிவித்தேன். அலுவலர் மரியாதையாகவே நடந்துகொண்டார். அறிக்கை எழுதி, கையெழுத்து வாங்கி, என் கண் முன்னால் சாலையோரம் குழி தோண்டிப் புதைத்தார். தவறு எதுவும் நடக்கவில்லை. ஒரு மாதிரி போயிற்று, அவ்வளவுதான்.

25 செப்டம்பர் 2023

ஒன்றை விட்டுவிட்டேன். முன்பு பழந்தின்னி வௌவால்கள் பொதுவாக வனவுயிர்ச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில், தொல்லை விலங்குகளாக எலிகளோடும் காகத்தோடும் வைக்கப்பட்டிருந்தன. நம் மேகமலை வௌவால் மட்டும் முதல் அட்டவணையில், புலியோடு. 2022 திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது அந்த ஐந்தாம் அட்டவணையே இல்லாமல் போனது. அதுவரை, இருட்டில் வலையில் விழுந்த வௌவால் குற்றமா இல்லையா என்று அறிய, வனக்காப்பாளர் அதன் வாயைத் திறந்து டார்ச் அடித்து வெட்டுப்பல்லை எண்ணியிருக்க வேண்டும்.

22 அக்டோபர் 2023

'எலித்தோலால் மனிதருக்கு என்ன பயன்' என்ற கேள்வி எப்போதும் வரும், இப்போதும் வந்துவிட்டது.

வேலூரில் தோட்டப்பாளையம் என்ற பகுதி இருக்கிறது. 1964இல் அங்கே ஒரு வீட்டு மூஞ்சூறைப் பிடித்து, அதன் உடலிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அவர்கள் தேடியது மூளைக்காய்ச்சலின் காரணத்தை, கிடைத்தது வேறு. கொரியாவின் ஹண்டா வைரஸ் 1970களில் பிரித்தெடுக்கப்பட்ட பின்னரே இதுவும் அந்தக் குடும்பம் என்று தெரிந்தது. அதாவது முதலில் கையில் கிடைத்த ஹண்டா வைரஸ் வேலூருடையது. தோட்டப்பாளையம் வைரஸ் என்றே இன்று உலகம் முழுவதும் அதற்குப் பெயர். அது வந்த விலங்கு எது என்று தெளிவாகப் பதிந்திருந்ததால்தான், இந்த வைரஸ்கள் எலிகளுக்கு மட்டும் உரியவை என்ற எண்ணத்தைப் பின்னாளில் மறுபரிசீலனை செய்ய முடிந்தது. 1957இல் ஷிமோகா காடுகளில் குரங்குகள் செத்துவிழுந்து கியாசனூர் காட்டு நோய் வெளிப்பட்டபோதும், நோயைப் பரப்பும் உண்ணிகள் எந்தெந்த எலிகளில், மூஞ்சூறுகளில் இருக்கின்றன என்று பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அப்போது எலியின் பெயரைச் சொல்ல ஆள் இருந்தார்கள்.

19 நவம்பர் 2023

பாடம் செய்வது எப்படி என்று ஒரு மாணவி கேட்கிறார். மூஞ்சூறை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அளவு, மில்லிமீட்டரில். உதாரணமாக, தலையும் உடலும் 131, வால் 74, பின்பாதம் 20, காது 14, எடை 46 கிராம். இந்த வரிசையை மாற்றக் கூடாது. தோல் காய்ந்தபின், பின்பாதம் தவிர, இவற்றில் எதையும் மறுபடி சரியாக அளந்து பெற முடியாது. வயிற்றில் சிறு கீறலிட்டு, உள்ளே வெண்காரத் தூளைத் தூவிக்கொண்டே, காலுறையைக் கழற்றுவதுபோலத் தோலைத் தலைப் பக்கமாகப் புரட்ட வேண்டும். பழைய தோல்களில் வெண்காரத்துக்குப் பதில் ஆர்செனிக் சோப்பு இருக்கும். எனவே பழைய இழுப்பறையைத் தொட்ட கையோடு சாப்பிடாதீர்கள். வாலை இழுக்கும்போது பொறுமை வேண்டும். என் முதல் ஐந்து மூஞ்சூறுகளுக்கும் வால் அறுந்தது. பஞ்சை ஒரே உருளையாக உள்ளே செலுத்தி, வாலுக்குக் கம்பி கொடுத்து, வயிற்றைத் தைத்து, பாதங்களை அட்டையில் குண்டூசியால் நிறுத்திக் காயவைக்க வேண்டும். மண்டையோட்டைச் சுத்தம் செய்யத் தோல் வண்டின் புழுக்களிடமே விடுவார்கள். தொகுப்பைத் தின்று அழிக்கும் அதே வண்டு, தனிப்பெட்டியில் வைத்தால் தொகுப்பின் வேலைக்காரன். லேபிளைப் பென்சிலிலோ இந்தியன் இங்கிலோ எழுத வேண்டும். பந்துமுனைப் பேனா வேண்டவே வேண்டாம். சாராயத்தில் அது 10 நிமிடத்தில் கரைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எட்டாம் வகுப்புவரை படித்த ஒரு கள உதவியாளர். அவர் ஓய்வுபெற்றபின் அந்தப் பணியிடம் நிரப்பப்படவில்லை. எனக்குத் தெரிந்தவரை, அவரிடமிருந்து கற்றவர்களில் இன்று உயிரோடிருப்பவர் மூவர். மூவரும் 65ஐத் தாண்டியவர்கள்.

10 டிசம்பர் 2023

என் தொனி போகும் வழி எனக்கே பிடிக்கவில்லை. கேள்வி கேட்டவர் பக்கத்திலும் நின்று பார்க்கிறேன். பாலூட்டி அளவீட்டுக் காலத்தில் ஒரே இடத்தில் ஒரே அணிலை வரிசையாகச் சுட்டார்கள். அதை இன்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கமாட்டேன். அருணாசலத்தின் நாம்தாபா பறக்கும் அணில் 1981இல் ஒரே ஒரு மாதிரியிலிருந்து விவரிக்கப்பட்டது. கொல்கத்தாவில் இருக்கும் அந்த ஒரு தோலும் மண்டையோடும்தான் அந்த இனத்துக்கு ஆதாரம். இன்னொன்று கண்ணில் பட்டால் அதைச் சுட வேண்டுமா? கூடாது. ஆனால் அந்த ஒன்று இருந்ததால்தான், லாவோஸிலும் சீனாவின் யுன்னானிலும் அதன் உறவுகள் கிடைத்தபோது அவை வேறு இனங்கள் என்று சொல்ல முடிந்தது.

சேலம் குரும்பப்பட்டியில் பிடிபட்ட பாறை எலியைப் பற்றியும் இப்படித்தான் யோசிக்கிறேன். கிழக்குத்தொடர்ச்சி மலைகளில் 1929இல் தொடங்கிய வெர்னே அளவீட்டின்போது கிடைத்து, 1940களில் எல்லர்மன் பெயரிட்ட கிரெம்னோமிஸ் எல்விரா, இன்று மிக ஆபத்தான நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. அதைப் போய்க் கொல்ல வேண்டும் என்பதல்ல என் வாதம். பொறியில் தானாகச் செத்தவை, சாலையில் அடிபட்டவை, பூனை கவ்விவந்தவை, நோய் ஆய்வில் எப்படியும் கொல்லப்படுபவை ஆகியவற்றை லேபிளோடு வாங்கி வைக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் உறைபெட்டியும், எழுதத் தெரிந்த ஓர் ஆளும் இருந்தால், புதிதாக ஒன்றைக்கூடக் கொல்லாமல் பெரும்பாலான இடைவெளியை நிரப்பிவிடலாம். ஆகஸ்டில் இதை நான் சொல்லியிருக்க வேண்டும். அப்போது வாதத்தில் வெல்வதில் குறியாக இருந்தேன்.

21 ஜனவரி 2024

பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது 1985ஆம் ஆண்டுக் களக்குறிப்பேடு அகப்பட்டது. பின்பாதியைக் கரையான் தின்றிருக்கிறது. முன்பாதியில் 1 முதல் 29 வரையான எண்களுக்கு அளவுகள் இருக்கின்றன. லேபிள்கள் போனாலும் அளவுகள் இங்கே ஒரு பிரதியாக நின்றிருக்கின்றன.

தகரப்பெட்டியைத் திறந்து உட்கார்ந்தேன். காய்ந்த தோலில் பின்பாதத்தின் நீளம் அதிகம் மாறாது என்பதால் அதைக் கொண்டே தொடங்கினேன்.

4 பிப்ரவரி 2024

இரண்டு வார வேலை. 17 தோல்களில் 6 குறிப்பேட்டோடு ஐயமின்றிப் பொருந்துகின்றன: பின்பாதம், ஆணா பெண்ணா என்பது, வால் நுனி அறுந்தது, ஒரு காதில் இருந்த கிழிசல் என்று ஏதோ ஒரு தடயம். மூன்று பொருந்தக்கூடும், 'கூடும்' என்பதை லேபிளில் எழுத எனக்கு மனம் வரவில்லை. மீதி எட்டுக்கு வழியில்லை.

பொருந்திய ஆறில் 11ஆம் எண்ணைச் 'சாதாரண வயல் சுண்டெலி' என்று 1985இல் நானே எழுதியிருக்கிறேன். மண்டையோட்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால், மேல்தாடையின் முதல் கடைவாய்ப்பல் அந்தப் பெயருக்கு ஒத்துவரவில்லை. வேறு எது என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. பார்க்கத் தெரிந்த ஒருவர் மார்ச்சில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆறுக்கும் புதிய லேபிள் எழுதிக் கட்டிவிட்டேன். 11க்கு இடம், நாள், அளவுகள் எல்லாம் மையில். இனத்தின் பெயருக்கு உரிய வரியை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அந்துருண்டை வாங்கிவர மனைவியே கடைக்குப் போயிருக்கிறார்.